வைஃபை பாஸ்வேர்டை போன் திரும்பத் திரும்பக் கேட்பது ஏன்?

நேற்றிரவு வரை ஒழுங்காக வேலை செய்த வீட்டு வைஃபை, காலையில் எழுந்து பார்த்தால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது. போட்டால் இணைந்துவிடுகிறது. இரண்டு நாள் கழித்து மீண்டும் அதே தொல்லை. "போன் பாஸ்வேர்டை மறந்துபோகுது" என்ற புகாரைச் சேலையூர், ராஜகீழ்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கலாம். தாம்பரம் கிழக்கின் இந்தக் குடியிருப்புகளில் பணி ஓய்வு பெற்றவர்கள் நிறைய. பிள்ளைகள் பெங்களூரிலோ கடல் கடந்தோ இருக்கிறார்கள். வைஃபை அறுந்தால் பேரக்குழந்தையின் முகம் பார்க்கும் வீடியோ கால் அறுகிறது. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் வைஃபை வழியாகச் சாதாரண அழைப்பு பேசும் வசதியைக் கொண்டுவந்தன. செல்போன் சிக்னல் உள்ளே எட்டாத வீடுகளில் அவசரத்துக்கு யாரையாவது கூப்பிடுவதற்கும் இந்த இணைப்புதான் துணை. ஆகவே இதைச் சின்னத் தொந்தரவு என்று தள்ளிவிட முடியாது.

கேம்ப் ரோடு பக்கம் ஏதாவது ஒரு கடையில் காட்டினால், "சாஃப்ட்வேர் போடணும் சார்" என்ற பதில் வருவதற்கு வாய்ப்பு அதிகம். பத்தில் ஒன்பது வீடுகளில் அது தேவைப்படாது என்பதே என் கணிப்பு. ஏன் என்று புரிந்துகொள்ள, போன் வைஃபையோடு இணையும் அந்த ஒரு நொடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும்.

நாம் தட்டச்சு செய்யும் பாஸ்வேர்டை போன் காற்றில் அனுப்புவதே இல்லை. டபிள்யூபிஏ2 என்ற முறைதான் இன்றும் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. 2004ல் வந்த தரநிலையை ஒட்டியது. அதில் பாஸ்வேர்டையும் வைஃபை பெயரையும் சேர்த்து, ஒரு கணக்கை 4,096 சுற்று ஓட்டி, ஒரு சாவியை போன் தயாரிக்கிறது. அதே சாவி ரூட்டரிடமும் இருக்கும். பிறகு இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. முதலில் ரூட்டர் ஏதோ ஓர் எண்ணை அனுப்பும். போன் தன் எண்ணையும், சாவி தன்னிடம் இருப்பதற்கான சான்றையும் திருப்பி அனுப்பும். ரூட்டர் சரிபார்த்து மூன்றாவது செய்தி தரும். போன் நான்காவதாக ஒப்புதல் சொல்லும். இதற்குத் தொழில்நுட்பக்காரர்கள் வைத்த பெயர் நான்கு கட்டக் கைகுலுக்கல்.

கவனிக்கவேண்டிய இடம் இரண்டாவது செய்தி. சான்று தவறாக இருந்தால் ரூட்டர் "பாஸ்வேர்டு தப்பு" என்று பதில் சொல்வதில்லை. அந்தச் செய்தியை ஒதுக்கிவிட்டு, முதல் செய்தியையே மறுபடி அனுப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் தொடர்பைத் துண்டித்துவிடும். சரி, சான்று சரியாகவே இருந்து, சிக்னல் பலவீனத்தால் செய்தி வழியிலேயே தொலைந்துபோனால்? அப்போதும் போனுக்குத் தெரிவது அதே மௌனம், அதே துண்டிப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க போனிடம் உறுதியான வழி இல்லை. பாஸ்வேர்டு தவறாக இருக்கவேண்டும் என்று ஊகித்து நம்மைக் கேட்கிறது. மறந்துவிட்டதாக நாம் நினைக்கும் போனின் உள்ளே, பாஸ்வேர்டு பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கிறது.

இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய் வைஃபை பக்கத்தில் 'சேவ்ட் நெட்வொர்க்ஸ்' என்பதைத் திறக்கவும். சாம்சங்கில் அதே பட்டியல் 'அட்வான்ஸ்டு' என்பதற்குள் 'மேனேஜ் நெட்வொர்க்ஸ்' என்ற பெயரில் இருக்கும். ஐபோனில் வைஃபை பக்கத்தின் மேல் மூலையில் உள்ள 'எடிட்' (2022ல் வந்த ஐஓஎஸ் 16 முதல்). பாஸ்வேர்டு கேட்கிற அந்த நேரத்தில், புதிதாகப் போடுவதற்கு முன்பே இதைப் பார்க்கவேண்டும். உங்கள் வீட்டு வைஃபை பெயர் பட்டியலில் இருந்தால் போனை விட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருக்கும் ரூட்டர் பெட்டியைக் கவனியுங்கள். பெயரே காணாமல் போயிருந்தால்தான் போனைச் சந்தேகிக்கவேண்டும்.

பெட்டியின் பக்கம் முதல் சந்தேகம் தூரமும் சுவரும். ஃபைபர் கேபிள் பால்கனி வழியாக உள்ளே வருகிறது என்பதற்காக அங்கேயே பெட்டியைப் பொருத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். படுக்கையறை வீட்டின் மறுகோடியில். இடையே இரண்டு மூன்று செங்கல் சுவர், கான்கிரீட் தூண், ஒரு இரும்பு பீரோ. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை இவற்றைத் தாண்டி ஓரளவு வரும். வேகமான 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை அவ்வளவு தாங்காது. பல ரூட்டர்கள் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால், போன் எட்டாத 5 ஜிகாஹெர்ட்ஸைப் பிடிக்கப் போய்க் கைகுலுக்கலில் தோற்கிறது. (சுவர்களுக்கு நடுவேயும் வைஃபை இந்த அளவு வேலை செய்வதற்கு ஒரு தமிழர் காரணம் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போன ஆரோக்கியசாமி பால்ராஜ், பல ஆன்டெனாக்களைக் கொண்டு ஒரே அலைவரிசையில் பல தரவோடைகளை அனுப்பும் 'மைமோ' முறைக்கு 1994ல் காப்புரிமை பெற்றார். 2009க்குப் பிந்தைய வைஃபை தரநிலைகளின் அடிப்படையே அதுதான். 2014ல் அவருக்கு மார்கோனி பரிசு கிடைத்தது.)

பரிசோதிக்கும் வழி எளிது. பாஸ்வேர்டு கேட்கும்போது எதையும் போடாமல், போனை எடுத்துக்கொண்டு ரூட்டர் அருகே போய் நில்லுங்கள். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டதும் தானாக இணைந்தால், போனும் பாஸ்வேர்டும் நலம். பெட்டியை வீட்டின் நடுப்பகுதிக்கு, தலை உயரத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். முடியாவிட்டால் 2.4க்கும் 5க்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டு, தூரத்து அறையில் இருக்கும் போனை 2.4ல் மட்டும் இணைத்து வையுங்கள்.

ஹாலில் கேட்பதில்லை, படுக்கையறையில் மட்டும் கேட்கிறது என்றால் இன்னொரு குற்றவாளியும் உண்டு. சிக்னல் எட்டுவதற்காக வாங்கி வைத்த எக்ஸ்டென்டர். இணைய நிறுவனத்தை மாற்றியபோது அல்லது பழைய பெட்டி பழுதாகிப் புதியது வந்தபோது, ரூட்டரின் பாஸ்வேர்டு மாறியிருக்கும். எக்ஸ்டென்டரில் பழையதே தங்கியிருக்கும். பெயர் மட்டும் இரண்டிலும் ஒன்று. போன் ஒரு பெயருக்கு ஒரு பாஸ்வேர்டைத்தான் நினைவில் வைக்கும். ஹாலில் போட்டது படுக்கையறையில் செல்லாது. படுக்கையறையில் பழையதைப் போட்டால் அது ஹாலில் செல்லாது. இப்படி வாரக்கணக்கில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எக்ஸ்டென்டரின் மின்சாரத்தை ஒரு நாள் முழுக்க அணைத்து வைத்தாலே உண்மை வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது மின்சாரம். தென் சென்னைப் புறநகருக்கு மழைக்காலம் என்றால் மின்வெட்டு பழகிய விஷயம். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று வந்த புயல்கள் நாள்கணக்கில் இருட்டில் தள்ளியதை இங்கே யாரும் மறக்கவில்லை. சாதாரண நாள்களில் ஐந்து நிமிடம் போய்வரும் மின்சாரமே ரூட்டருக்குப் போதுமான சோதனை. மின்சாரம் திரும்பியதும் பெட்டி முழுதாக எழுந்துகொள்ள இரண்டு மூன்று நிமிடம் ஆகும். வைஃபை பெயர் முன்னதாகவே தெரிந்துவிடும்; இணையம் பின்னால்தான் வரும். அந்த இடைவெளியில் போன் இணைந்து பார்த்து, இணையம் இல்லை என்று மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பாஸ்வேர்டு போனதாக நினைத்து நாம் எதையாவது அழுத்தத் தொடங்கினால் குழப்பம்தான் கூடும். மூன்று நிமிடம் பொறுங்கள். பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கேபிளில் கோளாறு. தெருவில் எங்கோ பள்ளம் தோண்டியதில் அறுந்திருக்கலாம். அப்போது வீட்டுக்குள் செய்ய எதுவும் இல்லை. ரூட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றை வாங்கி வைப்பது, இந்தப் பகுதி வீடுகளுக்கு நான் மனமாரப் பரிந்துரைக்கும் செலவு.

பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவில் 'ரீசெட்' ஓட்டை ஒன்று இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். நிறுவனம் உங்களுக்காகப் போட்டுவைத்த இணைப்பு விவரங்கள் அத்தனையும் அழிந்து, ஆள் வந்தால்தான் இணையம் மீளும் நிலை வரலாம். அடாப்டரைக் கழற்றி அரை நிமிடம் கழித்துச் செருகினால் போதும்.

இனி, பட்டியலில் பெயரே இல்லை என்பவர்களின் கதை. ஐபோன் வீடுகளில் நான் முதலில் கேட்கும் கேள்வி: ஆப்பிள் ஐடி யாருடையது? மகன் தன் ஐடியையே அப்பாவின் போனிலும் போட்டுக் கொடுத்திருப்பது நம் வீடுகளில் சகஜம். ஐகிளவுட் கீசெயின் இயங்கினால் ஒரே ஐடியில் உள்ள எல்லாக் கருவிகளும் வைஃபை பாஸ்வேர்டுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. யாரோ ஒருவர் ஐபேடிலோ மேக்கிலோ அந்த நெட்வொர்க்கை நீக்கினால், சேலையூரில் இருக்கும் ஐபோனிலிருந்தும் அது நீங்கிவிடும். அப்பாவுக்குத் தனி ஐடி உருவாக்கிக் கொடுப்பதே இதற்குத் தீர்வு.

ஆண்ட்ராய்டில், குப்பை நீக்கும் செயலிகள்மீது பழி போடுவது வழக்கம். ஆண்ட்ராய்டு 6 முதல், நாம் சேமித்த நெட்வொர்க்கைப் பிற செயலிகள் அழிக்க முடியாது என்பதால் அந்தப் பழி பெரும்பாலும் செல்லாது. சேமிப்பிடம் விளிம்புவரை நிரம்பிய பழைய போனில், புதிய விவரத்தை எழுதிவைக்க இடமில்லாமல் போகலாம். வாட்ஸ்அப்பில் குவிந்த காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் அழித்து ஓரிரண்டு ஜிபி இடம் விட்டுப் பாருங்கள்.

பெயர் இருக்கிறது, பாஸ்வேர்டும் கேட்கவில்லை, ஆனாலும் தானாக இணைவதில்லை என்றால் அது வேறு வகை. அந்த நெட்வொர்க்கின் விவரத்துக்குள் 'ஆட்டோ ஜாயின்' அல்லது 'ஆட்டோ கனெக்ட்' அணைந்திருக்கிறதா பாருங்கள். ஐபோனில் மேலிருந்து இழுக்கும் கட்டுப்பாட்டுப் பலகையில் வைஃபை குறியைத் தொட்டால் வைஃபை முழுதாக அணைவதில்லை. அப்போதைய இணைப்பு மட்டும் விடுபடும். மறுநாள் காலை 5 மணிவரை தானாக இணையாது. "ராத்திரி வரலை, காலையில தானா சரியாயிடுச்சு" என்பதன் மர்மம் பல வீடுகளில் இதுவே.

போனையோ ரூட்டரையோ புதிதாக மாற்றியதும் தொடங்கிய தொல்லைக்கு இரண்டு காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2019ல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020ல் வந்த ஐஓஎஸ் 14 முதல், போன்கள் தங்கள் உண்மையான கருவி எண்ணை மறைத்து மாற்று எண்ணைக் காட்டுகின்றன. ரூட்டரில் குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிக்கும் பட்டியல் போட்டிருந்தால், புதிய எண் வாசலிலேயே நிற்கும். பழைய போனுக்கோ, புதிய ரூட்டரில் டபிள்யூபிஏ2-உடன் அதன் அடுத்த தலைமுறையான டபிள்யூபிஏ3 கலந்த முறை ஒத்துவராமல் போகலாம். நிறுவனத்தின் உதவி மையத்தைக் கூப்பிட்டு டபிள்யூபிஏ2 மட்டும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எரிச்சலில் சிலர் பாஸ்வேர்டே வேண்டாம் என்று வைஃபையைத் திறந்து விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒருவரின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. சம்பந்தமே இல்லாத அவர் வீட்டு வாசலுக்குத்தான் போலீஸ் முதலில் வந்தது. அதற்குப் பிறகு, வைஃபை இணைப்புகளைப் பாதுகாக்கும்படி தொலைத்தொடர்புத் துறை 2009ல் இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

இத்தனையும் பார்த்து எதுவும் பிடிபடாவிட்டால், நெட்வொர்க்கை நீக்கி, ரூட்டர் அருகில் நின்று, பாஸ்வேர்டைப் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டினால் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரலாம். அங்கே தட்டச்சு செய்தபோதே முதல் எழுத்தை கீபோர்டு தானாகப் பெரிய எழுத்தாக மாற்றியிருக்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் 'நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட்'. சேமித்த எல்லா வைஃபையும், சில போன்களில் ப்ளூடூத் இணைப்புகளும் போய்விடும், படங்களும் செய்திகளும் போகா. போனையே முழுதாக அழிக்கும் ஃபேக்டரி ரீசெட்டுக்குச் சம்மதிக்கவேண்டாம். வங்கிச் செயலியும் யுபிஐயும் மறுபடி பதிவு செய்யவேண்டியிருக்கும்; பேக்கப் எடுக்காத வாட்ஸ்அப் உரையாடல்கள் திரும்பி வரா. ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் பட்டியலிலிருந்து பெயர் மறைகிறது என்ற ஒரே சூழலில்தான், பேக்கப் எடுத்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போகவேண்டும்.

வீடு வீடாகப் போய்ப் பெட்டி மாற்றும் ஊழியர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய ரூட்டரில் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் அப்படியே போட்டுக் கொடுங்கள். அந்த வீட்டின் போன், டிவி, கேமரா எல்லாம் தானாக இணைந்துகொள்ளும். கிளம்புவதற்கு முன் அந்தப் பாஸ்வேர்டை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டிலுள்ள பெரியவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.