மாநாட்டுக்குப் போன மகளும் இனிஷியல் செய்த வினையும்

"மாநாட்டுக்குப் போறேன் பாட்டி" என்று என் மகள் சொன்னதும் என் தாயார் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கட்சி மாநாடு?" என்பதுதான். பந்தலும் ஊர்வலமும் கட்-அவுட்டும் இல்லாத மாநாட்டை அவர் பார்த்ததில்லை. 1981 ஜனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு கண்டவர். ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் ஒரு வாரம் ஒரே கட்டடத்துக்குள் கூடி, மண்ணையும் நீரையும் பற்றிப் பேசிவிட்டுக் கலைவார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

இன்று நம் சங்கக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளை இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒரு பிள்ளை ஆராய்ச்சி செய்கிறது. அவர்களுக்கு வெளிநாட்டு மாநாட்டு அழைப்பு வரும்போது வீட்டில் சந்தோஷமும் கலவரமும் சேர்ந்தே வருகின்றன. எங்கள் வீட்டில் முதல் முறை கலவரமே வென்றது. அந்த அனுபவம் மற்றவர்களுக்கு உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

இத்தனைக்கும் நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 31 வருடங்கள் பிறருடைய பயணப்படிக் கணக்குகளைச் சரிபார்த்தவன். யார் எந்த வண்டியில், எந்த வகுப்பில் போகலாம் என்று விதிப் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லுவேன். என் மகளின் பயணத்தில் மட்டும் கோட்டை விட்டேன்.

முதல் முயற்சி

ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியம் ஆண்டுதோறும் ஏப்ரல் வாக்கில் வியன்னா நகரில் பெரிய மாநாடு நடத்துகிறது. யமுனைக் கரையோர நிலத்தடி நீரைப் பற்றிய என் மகளின் கட்டுரைச் சுருக்கம் 2023 மாநாட்டுக்கு ஏற்கப்பட்டது. மார்ச் மாதம் மலிவாகக் கிடைத்ததே என்று, பணம் திரும்பாத டிக்கெட்டை நான்தான் வாங்கினேன். விலை 58,000 ரூபாய். அதன் பிறகுதான் விசா மையத்தில் நாள் கேட்டோம். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் கிடைத்தது.

அங்கே போனால் பெயரில் சிக்கல். பாஸ்போர்ட்டில் அவள் பெயர் மட்டும் இருந்தது, குடும்பப் பெயர்க் கட்டம் காலி. மாநாட்டுக்குப் பதிவு செய்தபோது என் பெயரின் முதலெழுத்தான இனிஷியலைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தாள். டிக்கெட்டிலோ அவள் பெயரே இரண்டு முறை இருந்தது. மூன்று தாள்களில் மூன்று பெண்கள்! அழைப்புக் கடிதத்தைத் திருத்தி வாங்கி வரச் சொன்னார்கள். கடிதம் இரண்டே நாளில் வந்துவிட்டது. ஆனால் விசா மையத்தில் அடுத்த நாள் கிடைத்தது ஏப்ரல் 26-ல். மாநாடு தொடங்குவதோ 24-ல். குற்றம் யாருடையதும் அல்ல, எங்களுடையதுதான்.

கடைசியில் அவள் வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பேசினாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் வெளியே நின்று, குக்கர் விசில் அடிக்காமல் பார்த்துக்கொண்டேன். முடிந்ததும் வெளியே வந்தவள், "நல்லாத்தான் பேசினேன் அப்பா. பேசி முடிச்சதும் திரை அணைஞ்சு போச்சு. பக்கத்துல வந்து ஒரு வார்த்தை கேக்க யாரும் இல்லை" என்றாள். போன பணத்தைவிட அந்த வார்த்தைதான் என்னை உறுத்தியது. மாநாட்டுக்கு நேரில் போவதே, பேச்சு முடிந்தபின் காபிக் கோப்பையோடு ஒருவர் வந்து "இதை எப்படி அளந்தீர்கள்?" என்று கேட்பதற்காகத்தானே.

அடுத்த ஆண்டு நாங்கள் விழித்துக்கொண்டோம்.

பெயரைச் சரி செய்யுங்கள்

தமிழர்களான நமக்கு முதல் வேலை இதுதான். இனிஷியல் நம் ஊரில் கௌரவம், விமான நிலையத்தில் வில்லங்கம். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து மாநாட்டுப் பதிவிலும், டிக்கெட்டிலும், காப்பீட்டிலும், ஓட்டல் முன்பதிவிலும் இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்குச் சில நாடுகள் தடையும் போடுகின்றன. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் சுற்றுலா விசாக்களுக்கு அப்படி ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தபோது நம்மவர்கள் பலர் திண்டாடினார்கள். நாங்கள் 2023 செப்டம்பரிலேயே விண்ணப்பித்து, என் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் புதிய பாஸ்போர்ட் வாங்கினோம். பழைய கட்டுரைகளில் வேறு மாதிரி பெயர் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். ஆய்வாளர்களுக்கென்று ஆர்க்கிட் என்னும் 16 இலக்க எண் உண்டு. அதை வைத்துக்கொண்டால் எழுதியவர் ஒருவரே என்பது விளங்கும்.

மாநாடு மெய்யானதா?

பணம் பறிப்பதற்கென்றே நடத்தப்படும் மாநாடுகளும் உலகில் உண்டு. மருத்துவம் முதல் மேலாண்மை வரை எல்லாத் துறையும் ஒரே கூரையின் கீழ் என்பார்கள். கட்டுரை அனுப்பிய இரண்டாம் நாளே "ஏற்றுக்கொண்டோம், பணம் கட்டுங்கள்" என்பார்கள். நடத்தும் சங்கத்தின் வரலாறு என்ன, சென்ற ஆண்டு நிகழ்ச்சி நிரல் எங்கே, வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்காமல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

காலண்டரைப் பின்னாலிருந்து பாருங்கள்

மாநாட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வியன்னா, பாரிஸ், பெர்லின் எதுவானாலும் ஷெங்கன் விசாதான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். முடிவு வழக்கமாக 15 நாட்களில் வரும், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். ஆகவே 15 நாள் என்ற கெடுவை நம்பி உட்காருவது ரயில் புறப்படும் நிமிடத்தில் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்குவது போல.

பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஐரோப்பாவை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களுடனும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசாக் கட்டணம் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 ஆனது. கல்வி நிறுவனத்தின் சான்றுக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், மாநாட்டு அழைப்பு, தங்குமிடச் சான்று எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல் எடுங்கள். மாநாடு முடிந்து வேறு ஊர்களையும் பார்க்கிற எண்ணம் இருந்தால், அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பண உதவிக்கும் முந்திக்கொள்ள வேண்டும். வியன்னா மாநாட்டில் இளம் ஆய்வாளர்களுக்கான பயண உதவியை நாடுபவர்கள் மற்றவர்களைவிட ஒரு மாதத்துக்கு முன்பே, டிசம்பர் தொடக்கத்திலேயே, கட்டுரைச் சுருக்கத்தை அனுப்பியாக வேண்டியிருந்தது. என் மகளுக்கு அது கிடைக்கவில்லை. அவளுடைய கல்வி நிறுவனம் பாதிச் செலவை ஏற்றது.

டிக்கெட்டும் கணக்கும்

விசா வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் வேண்டாம். நான் கற்ற 58,000 ரூபாய்ப் பாடம் இது. வழியில் வேறு ஐரோப்பிய நகரில் விமானம் மாறுவதானால், குடியேற்றச் சோதனை அந்த முதல் நகரிலேயே நடந்துவிடும். 2025 அக்டோபரிலிருந்து அங்கே கைரேகையும் முகப் படமும் பதியும் புதிய முறை வேறு வந்திருக்கிறது. ஒரு மணி நேர இடைவெளியை நம்பாதீர்கள்.

மத்திய அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு ஒரு சொல். 2022 ஜூன் ஆணைப்படி பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்று முகவர்கள் மூலம்தான் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றும், 21 நாள் முன்பாகவே எடுக்க வேண்டும் என்றும் விதி வந்தது. உங்கள் அலுவலகம் எதைப் பின்பற்றுகிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். விமானத்தில் ஏறும்போது தரும் போர்டிங் பாஸைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாததால் எத்தனை பில்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்! ரொக்கமாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டுகள் எடுத்துச் செல்லலாம். மாணவர்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கும், மீதி கார்டிலும் இருந்தால் போதும்.

எங்கே தங்குவது?

ஊருக்குள் ஆயிரக்கணக்கானோர் குவியும்போது மாநாட்டு அரங்கின் பக்கத்து ஓட்டல்கள் யானை விலை, குதிரை விலை. அரங்குக்கு அருகே தேடுவதைவிட அரங்குக்குப் போகும் ரயில் தடத்தின் மேல் தேடுங்கள். வியன்னா அரங்கு யு-1 மெட்ரோ தடத்தில் கைசர்முலன் நிலையத்தருகே இருக்கிறது. அதே தடத்தில் மூன்று நிறுத்தம் தள்ளி பிராட்டர்ஸ்டெர்ன் அருகே ஒரு விடுதியில், புணேயிலிருந்து வந்த மாணவியோடு அறையைப் பகிர்ந்துகொண்டாள் என் மகள். சமையலறை வசதியும் இருந்தது. ரத்து செய்தால் பணம் திரும்பும்படி டிசம்பரிலேயே பதிவு செய்திருந்தோம். விசாவுக்கும் அந்தச் சான்றே உதவியது. இரவில் தனியாகப் போய் இறங்கும் பெண்ணுக்கு, ரயில் நிலையத்திலிருந்து விடுதி எத்தனை நிமிட நடை என்பது அறை வாடகையைவிட முக்கியம் என்றாள் என் மனைவி. அவள் சொன்னதே சரி.

பெட்டியில் என்ன?

இங்கேதான் வீட்டில் போர் மூண்டது. என் தாயார் ஒரு பாட்டில் நெய்யும், கறிவேப்பிலையும், இரண்டு மாங்காயும் எடுத்து வைத்துவிட்டார். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. 2019 டிசம்பரிலிருந்து பழம், காய், இலைகளுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, அன்னாசி, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆகவே நெய்யும் மாங்காயும் டில்லியிலேயே நின்றன. புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் வெல்லமும் விமானம் ஏறின.

கம்பளி உடை எடுக்கும்போது சென்னை ஏப்ரலை நினைக்காமல் டில்லி ஜனவரியை நினைத்துக்கொள்ளுங்கள். நம் மூன்று பின் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் தேவை. ஆய்வைக் காட்டும் போஸ்டரைத் துணியில் அச்சடித்தால் மடித்துக் கைப்பையில் வைக்கலாம். குழாயில் சுருட்டினால் அதையும் ஒரு சாமானாக எண்ணும் விமானங்கள் உண்டு. தண்ணீர்ப் பாட்டிலுக்குச் செலவழிக்க வேண்டாம். 1873-லிருந்து வியன்னாவின் குழாய்களில் வருவது மலை ஊற்று நீர்.

புத்தாண்டு நாளில்

2024 மாநாடு ஏப்ரல் 14-ல், நம் சித்திரை முதல் நாளன்று, தொடங்கியது. சனிக்கிழமை இரவு அவள் போய்ச் சேர்ந்தபோது கடைகள் மூடியிருந்தன. அங்கே சனி மாலை ஆறு மணியோடு சரி, ஞாயிறு முழு விடுமுறை. சோறும் புளிக்காய்ச்சலும் காப்பாற்றின. மறுநாள் ரயில் நிலையத்துக்குள் ஒரு கடை திறந்திருப்பதைக் கண்டுபிடித்து, பச்சை ஆப்பிள் வாங்கி, வெல்லம் போட்டுப் பச்சடி செய்தாள். அங்கே காலை ஒன்பது மணி, இங்கே பகல் பன்னிரண்டரை. வீடியோவில் கிண்ணத்தைக் காட்டினாள். மாங்காய்ப் பச்சடியைக் கையில் வைத்துக்கொண்டு என் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய முறை. போஸ்டரின் பக்கத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றாளாம். முதல் அரை மணி யாரும் வரவில்லை. பிறகு வங்கதேசத்து ஆய்வாளர் ஒருவர் வந்து, "இதை எப்படி அளந்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். கங்கைக் கழிமுகத்தில் அவருக்கும் அதே கேள்வி விடை இல்லாமல் கிடந்ததாம். இன்று இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். என் 58,000 ரூபாய் அன்றுதான் மனதில் வரவு வைக்கப்பட்டது.

அவள் திரும்பி வந்ததும் என் தாயார் விடவில்லை. "ஏன் கண்ணு, ஊர்வலம் இருந்துச்சா? கட்-அவுட் இருந்துச்சா?"

"ஊர்வலமும் இல்லை, கட்-அவுட்டும் இல்லை பாட்டி. போஸ்டர் மட்டும் இருந்துச்சு. நானே ஒட்டினேன்."