ட்ரிப் சுவிட்ச் விழும் நேரம்

வொஷிங் மெஷினைப் போட்டதும் வீடு முழுவதும் கரண்ட் போய்விடுகிறது. மெயின் போர்டில் ட்ரிப் சுவிட்ச் விழுந்து கிடக்கிறது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுகிறது. இப்படியான நேரத்தில் "ட்ரிப் சுவிட்ச்தான் பழுது, அதை விட்டுவிட்டு நேரடியாக வயரைக் கொடுங்கள்" என்று சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். இன்னொருவர் எர்த் வயரைக் கழற்றிவிடச் சொல்வார். இரண்டில் எதைச் செய்தாலும் மெஷின் ஓடும். ஆனால் பழுது உள்ளே அப்படியே இருக்கும்.

மெயின் போர்டில் வரிசையாக இருக்கும் சிறிய சுவிட்சுகள் எம்.சி.பி. எனப்படும் சுற்றுடைப்பான்கள். ஓட்டம் அளவுக்கு மிஞ்சினால் அவை விழும். ட்ரிப் சுவிட்சின் வேலை வேறு. உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் அதனுள்ளே ஒரே வளைய அகணியினூடாகச் செல்கின்றன. போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் சமமாக இருந்தால் அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடும். எங்காவது கொஞ்சம் ஓட்டம் வேறு வழியால் நிலத்துக்குப் போனால் அந்தச் சமநிலை கெடும், சுவிட்ச் விழும். வீடுகளில் பொதுவாக இருப்பது 30 மில்லி அம்பியருக்கானது. 1000 வாற்று அயன் ஒன்று 4 அம்பியருக்கு மேல் எடுக்கிறது என்பதை நினைத்தால் இது எவ்வளவு சிறியது என்று விளங்கும். ஆனால் ஒரு மனிதரின் நெஞ்சினூடாகச் சென்றால் இருதயத் துடிப்பைக் குழப்ப அதைவிடச் சற்றுக் கூடிய ஓட்டமே போதும்.

ஆகவே சுவிட்சைத் திட்டுவதற்கு முன் அது எந்த நேரத்தில் விழுந்தது என்று கவனிக்க வேண்டும். பிளக் சுவிட்சைப் போட்ட கணமே விழுந்தால், மெஷினின் மின்வயரையோ அது உள்ளே நுழையும் இடத்தையோ சந்தேகிக்கலாம். தண்ணீர் நிரம்பும்போது விழுந்தால் குழாய் எங்கோ கசிந்து மின் இணைப்பொன்றின் மேல் சொட்டக்கூடும்; தண்ணீரைத் திறந்துவிடும் வால்வின் சுருளும் பழுதாகியிருக்கலாம். டிரம் சுற்றத் தொடங்கும்போது விழுந்தால் மோட்டார். முன்பக்கக் கதவுள்ள மெஷின்களில் தண்ணீர் சூடாகும்போது மட்டும் விழுந்தால் பெரும்பாலும் ஹீட்டர்தான். ஹீட்டர் என்பது ஓர் உலோகக் குழாய். அதன் நடுவில் சுருட்கம்பி; இடைவெளியில் காவலியாக மகனீசியம் ஒட்சைட்டுத் தூள். யாழ்ப்பாணம் போன்ற சுண்ணக்கல் பிரதேசக் கிணற்று நீர் வன்னீர் என்பதால் குழாயின் மேல் படிவு தடிக்கும், குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி வெடிக்கும், ஈரம் தூளுக்குள் போகும். இப்போது சில வீடுகளுக்கு வந்திருக்கும் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் ஹீட்டர் இப்படித்தான் கெடுகிறது.

மிகவும் ஏமாற்றுவது வேறொரு பழுது. பெருநாளைக்கு முதல் நாள் இரவு. வொஷிங் மெஷின் நிறுத்தியாயிற்று, பிளக் சுவிட்சும் போடவில்லை. அயனைப் போட்டதும் வீடு இருளுகிறது. எல்லோரும் அயனைக் குற்றம் சொல்கிறார்கள். புது அயன் வாங்கினாலும் இதே கதைதான். சுவர் சுவிட்ச் வழக்கமாக உயிர்க்கம்பியை மட்டுமே துண்டிக்கும். பிளக் செருகியிருக்கும்வரை மெஷினின் நொதுமற்கம்பியும் எர்த்தும் வீட்டுச் சுற்றுடன் தொடர்பில்தான் இருக்கின்றன. மெஷினுக்குள் அவை இரண்டும் ஈரத்தால் தொட்டுக்கொண்டிருந்தால், அயனிலிருந்து திரும்பும் ஓட்டத்தில் ஒரு பங்கு மெஷினின் வழியாக நிலத்துக்குப் போய்விடும். அயனில் ஒரு குறையும் இல்லை!

எனவே தேடும்போது சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். கை உலர்ந்திருக்க வேண்டும், காலில் செருப்பு இருக்க வேண்டும். தரையில் தண்ணீர் நின்றால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ட்ரிப் சுவிட்சைத் தூக்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். ஒன்றும் செருகாமலே விழுந்தால் பழுது வீட்டு வயரிங்கில் இருக்கலாம். மெஷினைத் திறப்பது நம் வேலையல்ல. பிளக்கைக் கழற்றிய பிறகும் மோட்டாரின் கொள்ளளவி சிறிது நேரம் ஏற்றத்தை வைத்திருக்கும். "சூடாகும்போது விழுகிறது" என்று சரியாகச் சொன்னால் திருத்துபவர் நேரே ஹீட்டரைப் பார்ப்பார். தேவையில்லாத பாகங்களுக்கு நாம் காசு கொடுக்க நேராது.

எர்த்தைக் கழற்றினால் ஏன் சுவிட்ச் விழாமல் இருக்கிறது? கசியும் ஓட்டத்துக்குப் போக வழியில்லை. அது மெஷினின் உலோக உடலிலே காத்திருக்கும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் உடுப்பெடுக்க வரும் உம்மாவோ தங்கச்சியோதான் அதற்கு வழியாகிறார்கள். ட்ரிப் சுவிட்ச் அப்போதும் விழக்கூடும், ஆனால் கரண்ட் அடித்த பிறகு. அதையும் நேரடியாக்கிவிட்ட வீட்டில் அதுவும் இல்லை.

ட்ரிப் சுவிட்சில் டி என்று குறித்த சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால், சுவிட்சை மாற்றும்வரை உடுப்பைக் கையால் துவைக்கலாம். இந்தப் பொத்தான் சோதிப்பது சுவிட்சை மட்டுமே. எர்த் சரியாக நிலத்தைச் சேர்கிறதா என்பதை மின்வேலை தெரிந்தவர் கருவி வைத்துத்தான் அளக்க வேண்டும்.