ஊர் கூடித் திறந்த பள்ளிக் கதவுகள்

சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி வரும்போது தல்லாகுளத்தில் நிற்க இடம் கிடைக்காது. எதிர்சேவைக் கூட்டத்தில் யார் எந்தத் தெரு, எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இதே மதுரைச் சீமையில், பள்ளிக்கூட வாசலில் அந்தக் கேள்வி ரொம்ப காலம் கேட்கப்பட்டது. அதை மாற்ற அரசாங்க உத்தரவு மட்டும் போதவில்லை. அக்கம்பக்கத்து மக்களும் கை கொடுக்க வேண்டியிருந்தது.

வக்கீல் வீட்டுப் பிள்ளைகள்

1939 ஜூலை 8. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள், அதுவரை வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்களை அழைத்துச் சென்றார் வக்கீல் வைத்தியநாத ஐயர். இது பலருக்கும் தெரிந்த செய்தி. தன் வீட்டிலேயே தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளைத் தங்கவைத்து, சோறு போட்டுப் படிக்கவைத்தவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது.

பள்ளியில் பெயரைச் சேர்த்துவிட்டால் மட்டும் ஒரு பிள்ளை படித்துவிடுமா? தங்க இடம் வேண்டும், வேளைக்குச் சோறு வேண்டும், இரவில் படிக்க விளக்கு வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஹரிஜன சேவா சங்கம் மாணவர் விடுதிகளில் அவ்வளவு கவனம் வைத்தது. மேலூர் அருகே தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன், இளமையிலேயே அந்த விடுதிப் பணியில் இறங்கியவர். பின்னாளில் தமிழ்நாட்டின் உள்துறை அமைச்சரானார். ஐயரும் கக்கனும் வேறு வேறு தெருவில் பிறந்தவர்கள். இருவரும் சேர்ந்து உழைத்ததால் படித்த குடும்பங்கள் பல.

முத்திரை குத்தப்பட்ட ஊர்கள்

உசிலம்பட்டிப் பக்கம் இன்னொரு கதை. குற்றப் பரம்பரைச் சட்டத்தால் பிறக்கும் குழந்தையையும் குற்றவாளியாகப் பார்த்தது வெள்ளைக்கார அரசு. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. அந்தக் காலகட்டத்தில் தொடங்கியவைதான் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். அரசு திறந்த பள்ளிகள்தான் என்றாலும், ஊர்மக்களின் பொது நிதியும் அவற்றுக்குத் துணை நின்றது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் முதல் தலைமுறையாக எழுத்துக் கற்ற ஏராளமானோர் அந்தப் பள்ளிகளில் படித்தவர்களே.

கடல் கடந்தும் இதே கதை

1959-ல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங், திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் நிறைய பேர் படித்த பள்ளி அது. அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்ய, கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தபோது, தன் மக்களின் நிலையும் அதுதானே என்று ஒப்புக்கொண்டார்.

அவர் மக்களுக்கும் பள்ளிக்கூடம் எளிதில் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி, அதுவும் ஓட்டைக் கட்டடம். கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனும் யூத வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டும் 1912-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ரோசன்வால்ட் ஒரு பங்கு தருவார். ஊர்மக்களும் அரசும் மீதியைத் தர வேண்டும். பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழைத்தவர்கள் நிலம் கொடுத்தார்கள், மரம் வெட்டிக் கொடுத்தார்கள், உணவு விற்றுக் காசு சேர்த்தார்கள். 1932-க்குள் 15 மாநிலங்களில் ஏறக்குறைய 5,000 பள்ளிகள் எழுந்தன. கணக்குப் பார்த்தால், அந்தக் கோடீஸ்வரர் தந்ததைவிட அந்த ஏழை மக்கள் தந்தது கொஞ்சம் கூடுதல்!

1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறம் பார்த்துத் தனிப் பள்ளி நடத்துவது செல்லாது என்றது.

பெயர்ப் பலகைக் கேள்வி

அதே கேள்வி இப்போது நம் முன்னாலும் நிற்கிறது. 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-ல் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், மாணவர் கையில் வண்ணக் கயிறு வேண்டாம், கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கலாம் என்றது.

தங்கள் முன்னோர் வளர்த்த பள்ளியின் அடையாளமும் சலுகையும் போய்விடுமோ என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கதவைத் திறந்துவிட்ட பள்ளியே பிள்ளையின் நெற்றியில் சாதியை எழுதி அனுப்பலாமா? எந்தத் துறையில் இருந்தாலும் அந்தப் பள்ளிக்கு ஆசிரியரும் கட்டடமும் குறையக்கூடாது. இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

நம் பங்கு என்ன?

மதுரை இன்றும் வழி காட்டுகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இங்குள்ள ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. 2024 ஜனவரியில் ஆயி பூரணம் அம்மாள், மறைந்த மகளின் நினைவாகக் கொடிக்குளம் அரசுப் பள்ளிக்கு 1 ஏக்கர் 52 சென்ட் நிலம் கொடுத்தார். அந்த நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

எல்லோரிடமும் ஏக்கர் கணக்கில் நிலம் இருக்காது. ஆனால் ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய பிரிவுப் பெற்றோருக்கும் உரிய இடம் தர வேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். கடைசித் தெருவிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறாரா என்று பாருங்கள். வரவில்லை என்றால், அடுத்த முறை அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.