பெயரில்லாப் போர்க்காலப் படங்களும் ஒல்லாந்தச் சட்டமும்

1940 மே மாதத்தில் ஒல்லாந்து தேசம் ஜேர்மனியர் வசமாயிற்று. 1945 மே மாதத்திலேயே அவர்தம் படைகள் அங்குச் சரணடைந்தன. பொது இடங்களிற் படமெடுத்தல் 1944 இல் தடைசெய்யப்பட்டது. எனினும், அவ்வாண்டின் பஞ்சக் குளிர்காலத்தை அம்ஸ்ரர்டாம் நகரத்துப் புகைப்படக் கலைஞர் சிலர் மறைவாகப் படம்பிடித்தனர். பெயரை வெளியிடாமை அத்தகையோர்க்குக் காப்பாயிற்று. இன்று அக்காலப் படங்கள் பல எடுத்தவர் பெயரின்றிக் கிடைக்கின்றன. பழையன என்பதொன்றே கொண்டு அவற்றை எவரும் எடுத்தாளலாமோ?

ஒல்லாந்தின் 1912 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படத்தின் வயதை மாத்திரம் நோக்குவதன்று. எடுத்தவர் யார், முதன்முதல் வெளியிடப்பட்டது எப்போது என்பவற்றையும் அது நோக்குகின்றது.

எடுத்தவர் இன்னாரெனத் தெளிவாயின், அவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகளுக்கு உரிமை நிலைக்கும். முற்கூறிய கலைஞருள் எம்மி அந்திரீசே 1953 இல் மறைந்தார். அவர் படங்களின் உரிமை 2023 இறுதியோடு முடிந்தது. காஸ் ஓர்தௌஸ் 1975 இல் மறைந்தமையால், அவர் படங்களுக்கு 2045 இறுதிவரை உரிமையுண்டு. ஒரே குளிர்காலத்துப் படங்களுக்கு இடையிலும் இத்துணை வேறுபாடு உளது.

பெயர் குறியாத படமாயின், முறைப்படி முதன்முதல் வெளியிட்ட ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகள் கணிக்கப்படும். 1945 இல் வெளிவந்த அத்தகைய படம் 2015 இறுதியோடு பொதுச் சொத்தாயிற்று. எடுத்த பின் 70 ஆண்டுகளுள் வெளியிடப்படாத பெயரில்லாப் படத்தின் உரிமையும் அற்றுப்போகும். ஆயின், அதன்பின் அதனை முதன்முதல் முறைப்படி வெளியிடுவோர்க்கு 25 ஆண்டுத் தனியுரிமை உண்டாதலின், அவ்வாறு எவரேனும் வெளியிட்டனரோ என்பதும் ஆராயற்பாலது.

ஈண்டு மயக்கந் தருவதொன்றுளது. பெயர் குறியாது வெளியிட்ட படம் வேறு. பெயர் நமக்குத் தெரியாத படம் வேறு. முதல் வெளியீட்டிற் குறித்த பெயர் பிற்காலப் பிரதியில் விடுபட்டிருத்தல் கூடும். அங்ஙனமாயின் கணக்கு எடுத்தவரின் இறப்பிலிருந்தே தொடங்கும். உரிமைக்காலம் முடியுமுன் எடுத்தவர் தம்மை வெளிப்படுத்தியிருப்பினும் அவ்வாறே. படத்தாளைக் கைவசம் வைத்திருப்பவர் அக்காரணத்தால் உரிமையாளராகார் என்பதும் நினைவிலிருத்தற்பாலது.

ஆதலின், இப்படங்களை அச்சிட விழைவோர் தாளின் பின்புறக் குறிப்பையும் பழைய வெளியீடுகளையும் முதற்கண் ஆராய்தல் வேண்டும். அத்தேடலாற் சட்டம் காக்கப்படும். அச்சத்தால் மறைந்த ஒரு பெயர் மீண்டும் படத்தின்கீழ் இடம்பெறவுங் கூடும்.