உளவியல் ஆய்வும் வினாத் தொடுப்போரின் முகமும்

மனித உள்ளத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். தாம் கூறுவதை எவ்வாறு அறிந்தனர் என்று விளக்குவோர் சிலரே. கல்வி உளவியல் நூல்கள் இன்று நம் அரபுக் கல்லூரி மாணவர்களின் கைகளுக்கும் வந்து சேர்ந்துள்ளன. ‘ஆய்வுகள் நிறுவியுள்ளன’ என்னும் தொடர் அவற்றில் பக்கத்திற்குப் பக்கம் காணப்படுகின்றது. அதனை வாசிப்பவர் எவற்றை வினவ வேண்டும் என்பதை, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் பெர்லின் நகரில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு விளக்க முற்படுகின்றோம்.

வில்ஹெல்ம் ஃபொன் ஓஸ்டன் என்பார் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஹான்ஸ் என்னும் தம் குதிரைக்கு, பள்ளிப் பிள்ளைக்குக் கற்பிப்பது போலவே, பொறுமையுடன் எண்ணும் எழுத்தும் கற்பித்தார். கூட்டல், பின்னம், மாதத்தின் தேதி என எதைக் கேட்டாலும் குதிரை குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லிற்று. அவர் இதற்கெனக் கட்டணம் பெற்றவரல்லர். பிறர் கேட்டபோதும் குதிரை சரியாகவே விடையளித்தது. 1904 இல் பெர்லின் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் கார்ல் ஷ்டும்ஃப் தலைமையில் ஒரு குழு இதனை ஆராய்ந்தது. விலங்கு மருத்துவர், சர்க்கஸ் மேலாளர், குதிரைப்படை அதிகாரி ஆகியோரும் அதில் இருந்தனர். இதில் ஏமாற்று எதுவுமில்லை என்பது அக்குழுவின் முடிவு.

குழு கூறியது உண்மையே. ஆயினும் ‘இதில் ஏமாற்று உண்டா?’ என்பது ஒரு வினா. ‘குதிரைக்குக் கணக்குத் தெரியுமா?’ என்பது வேறொரு வினா. முன்னதன் விடையையே பின்னதற்கும் விடையாக மக்கள் கொண்டனர்.

ஷ்டும்ஃபின் மாணவர் ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் இரண்டாம் வினாவை எடுத்துக்கொண்டார். ஆய்வு தொடங்குவது கருதுகோளிலிருந்து. சோதித்தால் பொய்யாகவும் கூடும் என்னும் நிலையில் அமைந்த கூற்றே கருதுகோளாகும். குதிரை தானே கணக்கிடவில்லை, கேட்பவரிடமிருந்தே விடையைப் பெறுகின்றது என்பது இங்குக் கருதுகோள். அது மெய்யாயின், கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரை தவற வேண்டும். ஆகவே ஃபுங்ஸ்ட் ஒன்றை மட்டும் மாற்றினார். கேட்பவர் விடையை அறிந்திருத்தல் அல்லது அறியாதிருத்தல் என்பதே அது. ஆய்வாளர் தாமே மாற்றும் இதனைச் சாரா மாறி என்பர். அதன் விளைவாக மாறுகின்ற சரியான விடைகளின் எண்ணிக்கை சார்ந்த மாறி. குதிரையும் கேள்வியின் வகையும் முன்போலவே இருந்தன. பிறவற்றை இவ்வாறு மாறாது நிறுத்துவதே கட்டுப்பாடு. எண் எழுதிய அட்டையைக் கேட்பவர் தாம் பாராமல் குதிரைக்கு மட்டும் காட்டினார். கேட்பவர் எண்ணை அறிந்திருந்தபோது பெரும்பாலும் சரியாகத் தட்டிய குதிரை, அவர் அறியாதபோது பத்தில் ஒன்று கூடச் சரியாகச் சொல்லவில்லை.

குதிரை எதைக் கண்டது? கேள்வி முடிந்ததும் கேட்பவரின் தலை மிகச் சிறிதளவு முன்னே சாயும். குதிரை தட்டத் தொடங்கும். உரிய எண் வந்ததும் தலை தானாக நிமிரும், குதிரை நிறுத்திவிடும். கேட்போர் எவரும் தம் அசைவை அறிந்திலர். இதனைக் கண்டறிந்த பின்னரும் ஃபுங்ஸ்டாலேயே அவ்வசைவை முற்றிலும் அடக்க இயலவில்லை. தம் ஆய்வை அவர் 1907 இல் நூலாக வெளியிட்டார்.

இதனைப் படித்தபோது நமக்கு நம் வாய்மொழித் தேர்வு நினைவுக்கு வந்தது. நஹ்வுத் தேர்வில் மாணவர் ஒரு சொல்லின் இறுதி உயிர்க்குறியில் தயங்குவார். ரஃபு என்று தொடங்கி நம் முகத்தைப் பார்ப்பார். உடனே நஸ்பு என்று திருத்திக்கொள்வார். நாம் முழு மதிப்பெண் அளித்துவிடுவோம். இவ்வாறு எத்தனை ஆண்டுகள் நம் புருவத்திற்கே மதிப்பெண் வழங்கினோமோ! அதன் பின்னர் வாசகத்தைத் தாளில் தந்து, உயிர்க்குறிகளை எழுதச் செய்தோம். சரளமாக விடை சொல்லிவந்த சிலர் தடுமாறினர். தயங்கித் தயங்கிப் பேசிய ஒருவர் பிழையின்றி எழுதினார்.

நம்பகத்தன்மை, ஏற்புடைமை ஆகிய இரண்டின் வேறுபாடும் இங்கே புலனாகும். மீண்டும் மீண்டும் அளந்தாலும் ஒரே முடிவு வருதல் நம்பகத்தன்மை. அளக்கக் கருதியதையே அளத்தல் ஏற்புடைமை. ஹான்ஸின் விடைகளில் முன்னது இருந்தது, பின்னது இல்லை. பலர் இரண்டையும் ஒன்றெனக் கொள்கின்றனர்.

ஆய்வாளரின் எதிர்பார்ப்பு விலங்காய்விலும் புகும் என்பதை ராபர்ட் ரோசென்தாலும் ஃபோடும் 1963 இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. மாணவர் பன்னிருவருக்கு எலிகள் வழங்கப்பட்டன. சிலரிடம் அவை கூர்மதி வாய்ந்த இனம் என்றும், ஏனையோரிடம் மந்தமானவை என்றும் கூறப்பட்டது. உண்மையில் அவை எவ்வித வேறுபாடுமின்றிக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை. ஆயினும் ‘கூர்மதி’ எலிகளே நன்கு கற்றதாக முடிவுகள் வந்தன. எனவேதான் எக்குழுவினர் எவர் என்பதை ஆய்வுக்குட்பட்டோரும் அளப்போரும் அறியாதவாறு மறைக்கும் இருபுற மறைப்பு முறை கையாளப்படுகின்றது.

உளவியலில் எல்லாவற்றையும் இவ்வாறு சோதித்துவிட இயலாது. தந்தையை இழந்த பிள்ளையின் மனநிலையை ஆராய எவருடைய தந்தையையும் அகற்ற முடியுமா? அத்தகைய இடங்களில் உற்றுநோக்கலும் உடன்தொடர்பும் மட்டுமே கிட்டும். இரண்டு சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றதன் காரணமாகிவிடாது. மூன்றாவதொன்று இரண்டையும் விளைவித்திருக்கலாம்.

கண்ட முடிவு பிறர் கையிலும் வருகின்றதா என்பது இன்னொரு வினா. 2015 இல் வெளியான ஒரு கூட்டாய்வு, உளவியல் இதழ்களில் வந்திருந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. முதலில் அவற்றுள் 97 விழுக்காடு புள்ளியியல் நோக்கில் பொருளுடையவை. திரும்பச் செய்தபோது 36 விழுக்காடே அவ்வாறு அமைந்தன. இவ்வாய்வை நடத்தியோரும் உளவியலாளர்களே என்பது கவனிக்கத்தக்கது.

ஃபொன் ஓஸ்டன் ஃபுங்ஸ்டின் முடிவை ஏற்றுக்கொள்ளவில்லை. 1909 இல் அவர் காலமான பின்னர், ஹான்ஸ் கார்ல் கிரால் என்னும் நகை வணிகரிடம் சென்றது. அவரும் விலங்குகளுக்குக் கணக்குக் கற்பிப்பதில் ஈடுபட்டு, சிந்திக்கும் விலங்குகளைப் பற்றி 1912 இல் ஒரு நூல் எழுதினார்.