டி.எஸ்.பி. நாற்காலியும் நம் வழக்குகளும்



நினைவுச் சொற்பொழிவில் காவல்துறைப் பயிற்சியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். காவல் நிலைய வாசலில் நாம் நிற்காத ஆண்டு இல்லை. புகாரை வாங்க மறுத்ததையும், முதல் தகவல் அறிக்கை போடாமல் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பியதையும் மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள், எதைப் பார்த்து அவருக்குப் பதவி உயர்வு கொடுக்கிறார்கள் என்று கேட்பதில்லை. இதைக் கேட்கும் உரிமையைச் சட்டமே நமக்குத் தந்திருக்கிறது.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் வந்தன. வழக்கை டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும் என்பது 7ஆவது விதி. பதவி மட்டும் போதாது என்றும் அது சொல்கிறது. அவருடைய முன் அனுபவம், திறமை, நீதியுணர்வு, வழக்கின் உட்பொருளை உணர்ந்து சரியான வழியில் விசாரிக்கும் ஆற்றல் ஆகியவற்றைப் பார்த்து நியமிக்க வேண்டும். 60 நாளில் புலனாய்வை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். டி.எஸ்.பி.க்குக் கீழே உள்ளவர் செய்த புலனாய்வு இந்தச் சட்டத்தின்கீழ் செல்லாது என்று 2009இல் சுன்னிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே நம் வழக்கின் உயிர் அந்த ஒரு நாற்காலியில் இருக்கிறது.

அந்த நாற்காலிக்கு இரண்டு வழிகள். குரூப் 1 தேர்வு எழுதி நேராக வருவது ஒன்று. உதவி ஆய்வாளராகச் சேர்ந்து, ஆய்வாளராகி, பிறகு உயர்வது மற்றொன்று. நம் தெருக்களிலிருந்து காக்கி அணியும் பிள்ளைகளில் பலர் இரண்டாம்நிலைக் காவலர்களாகச் சேர்கிறவர்கள். பல ஆண்டுகளாக இருந்துவந்த முறைப்படி, அவர்கள் 10 ஆண்டில் முதல்நிலைக் காவலர், 15 ஆண்டில் தலைமைக் காவலர், 25 ஆண்டில் சிறப்பு உதவி ஆய்வாளர். அதற்குள் தலை நரைத்துவிடும். உதவி ஆய்வாளர் தேர்வில் துறையினருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆனால் பந்தோபஸ்துக்கும் இரவு ரோந்துக்கும் நடுவே படிக்க நேரம் கிடைப்பவர் எத்தனை பேர்?

பயிற்சியிலும் இதே படிநிலைதான். காவலரின் வேலை பெரும்பாலும் இயந்திரத்தனமானது என்ற பார்வையை 1902ஆம் ஆண்டு பிரேசர் ஆணையம் விதைத்துவிட்டுப் போனது. மனப்பான்மையை மாற்றுவதும் மனித நடத்தையைப் புரிந்துகொள்வதும் பயிற்சியின் மையமாக வேண்டும் என்று 1973இல் கோரே குழு சொன்னது. இன்றும் ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குப் பணியின் நடுவே, ஐதராபாத் தேசியக் காவல் அகாதமியில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் கட்டம் என்று தலைமைப் பயிற்சி தொடர்கிறது. புகாரோடு வரும் நம் பெண்ணை முதலில் சந்திக்கும் காவலருக்கு அப்படி ஓர் ஏணி இல்லை.

நம் திருத்தணியையே எடுத்துக்கொள்வோம். 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டோடு இணைந்த ஊர். இன்றும் வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் குடும்பங்கள் இங்கே உண்டு. வாய்மொழிப் புகாரை எழுதியபின், புகார் தந்தவருக்கு வாசித்துக் காட்டிவிட்டே கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 4ஆவது பிரிவு. தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதி, புரியாமலே கைநாட்டு வாங்கினால் அது கடமை தவறுதல். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தைச் சிக்கலில்லாமல் நடத்திக் கொடுத்த அதிகாரியை ஊரே பாராட்டுகிறது. பாராட்டட்டும். சாதி வழக்கை அன்றிரவே பதிந்து, சேரிக்கு நேரில் வந்து விசாரித்தவரின் பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறுமா?

2020 ஆகஸ்ட் 15 அன்று, நம் மாவட்டத்து ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் ஊராட்சித் தலைவரைத் தேசியக்கொடி ஏற்ற விடவில்லை. செய்தி வெளியாகி, சில நாள் கழித்தே மாவட்ட ஆட்சியர் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார். அடி இல்லை, ரத்தம் இல்லை. இது வன்கொடுமை என்று பார்க்கத் தெரிய வேண்டும். விதி சொல்லும் 'உட்பொருளை உணர்தல்' இதுதான். அணிவகுப்பு மைதானத்தில் இது தானாக வராது, கற்றுக்கொடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, வண்டலூர் காவலர் உயர்பயிற்சியகத்தில் டி.எஸ்.பி.க்களுக்கும் உதவி ஆய்வாளர்களுக்கும் இந்தச் சட்டம் எத்தனை மணி நேரம், யாரால் கற்பிக்கப்படுகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். பாதிக்கப்பட்டவர்களும் அந்த வகுப்பறையில் பேச வேண்டும் என்று கோருவோம். இரண்டு, ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். உட்கோட்ட அளவிலும் குழு உண்டு. எந்த அதிகாரி 60 நாளுக்குள் முடித்தார், எவர் இழுத்தடித்தார் என்ற கணக்கை அங்கே வைப்போம். அந்தக் கணக்கு பதவி உயர்வில் சேர வேண்டும். மூன்று, 1995இல் வந்த அரசமைப்புச் சட்டப் பிரிவு 16(4அ) பதவி உயர்வில் இடஒதுக்கீட்டுக்கு வழிவிடுகிறது. அதை இங்கே நடைமுறைப்படுத்தக் கோரும் குரலோடு நம் குரலையும் சேர்ப்போம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உதவி ஆய்வாளர் தேர்வையும் குரூப் 1 தேர்வையும் எழுதுங்கள். நம்மவர் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் மட்டும் நீதி வந்துவிடாது என்பது உண்மை. அமைப்பு அவரையும் வளைக்கும். அவர் வளையாமல் நிற்க, வெளியே கேள்வி கேட்கும் இயக்கம் வேண்டும். உள்ளே போகிறவர்களும் வெளியே நிற்கிறவர்களும் ஒரே புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும். அது 1995ஆம் ஆண்டு விதிகள். இன்றே வாங்கிப் படியுங்கள்.

ஜெய்பீம்.