கசக்கிற பழத்துக்குள்ள ஒரு பிரிசர்வேட்டிவ்: ரோவன் மரம் வளர்ப்பது எப்படி?

"சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்"னு சொன்ன நரியை நமக்கெல்லாம் தெரியும். நம்ம கதையில அது திராட்சை. ஆனா ஸ்வீடன்ல அதே நரி பாக்குறது ரோவன் பழத்தை. குளிர் நாட்டுல எங்கே திரும்பினாலும் கண்ணுல படுற மரம் அதுதான். இன்னொரு விஷயம், அங்கே நரி சொன்னதுல பொய்யே இல்லை. ரோவன் பழம் நிஜமாவே புளிக்கும், கூடவே கசக்கும். ஏன் கசக்குது, அதை எப்படி சாப்பிடுற மாதிரி மாத்துறது, அதுக்கு எந்த மரத்தை நடணும்? இந்த எபிசோடு அதைப் பத்திதான்.

ஸ்டாக்ஹோம் பக்கம் வீடு வாங்கின காலேஜ் ஃபிரெண்டு ஒருத்தன் கேட்டான்: "மச்சி, தோட்டத்துல அழகா ஒரு மரம் வேணும், பழமும் சாப்பிடணும், குழந்தை வேற இருக்கு. ரோவன் வைக்கலாமா?" வைக்கலாம். ஆனா கொஞ்சம் தெரிஞ்சுகிட்டு வைக்கணும்.

முதல்ல மரம். தாவரவியல் பேரு சோர்பஸ் அவுக்குபாரியா. சாதாரணமா 10 முதல் 15 மீட்டர் வரை வளரும். மைனஸ் 35 டிகிரி குளிரையும் தாங்கும், ஐஸ்லாந்துல இயற்கையாவே வளருது. மே, ஜூன்ல வெள்ளைப் பூ. ஆகஸ்ட், செப்டம்பர்ல ஆரஞ்சு சிவப்புல கொத்துக் கொத்தா பழம். அதுக்கப்புறம் இலையும் நிறம் மாறும். அழகுக்காகவே இதை நடுறவங்க நிறைய பேர்.

இப்போ கசப்புக்கு வருவோம். பச்சைப் பழத்துல பாராசார்பிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு. அப்படியே சாப்பிட்டா வயித்தெரிச்சல், குமட்டல் வரும். நிறைய உள்ளே போனா கிட்னிக்கும் ஆபத்து. அதனால குழந்தைங்க மரத்துல இருந்து பறிச்சு வாயில போடக் கூடாது.

அதே பழத்தை வேகவெச்சா கதை மாறிடும். பாராசார்பிக் அமிலத்தோட மூலக்கூறு ஒரு வளையம் மாதிரி இருக்கும். சூட்டுல அந்த வளையம் திறந்து, தொந்தரவு இல்லாத சார்பிக் அமிலமா மாறிடுது. உறைய வெச்சாலும் ஓரளவு மாறும். அதனாலதான் முதல் உறைபனி விழுந்த பிறகு பறிக்கிற பழத்துல கசப்பு குறைவுன்னு சொல்றாங்க. அதுக்காக ஃப்ரீசர்ல வெச்சு எடுத்ததை அப்படியே சாப்பிட்டுடாதீங்க. கட்டாயம் சமைக்கணும்.

சார்பிக் அமிலத்தை 1859ல ஹாஃப்மன்ங்கிற ஜெர்மன் வேதியியலாளர் இந்தப் பழத்தோட எண்ணெயில இருந்துதான் பிரிச்சு எடுத்தார். சோர்பஸ்ங்கிற மரத்துப் பேருதான் அந்த அமிலத்துக்கும் வந்தது. பூஞ்சையைத் தடுக்கிற அதோட குணம் தெரிய வர கிட்டத்தட்ட இன்னும் 80 வருஷம் ஆச்சு.

சரி, எந்த மரத்தை வாங்குறது? நர்சரியில "எடூலிஸ்"னு கேளுங்க. 1810 வாக்குல, இன்னைக்கு செக் குடியரசுல இருக்கிற ஒஸ்த்ருஷ்னாங்கிற மலைக்கிராமத்துல கண்டெடுத்த ரகம் இது. கசப்பு ரொம்பக் கம்மி, பழமும் கொஞ்சம் பெருசு.

வாங்கும்போது ஒட்டுக்கன்னான்னு பாருங்க. எடூலிஸ் பழத்தோட விதையைப் போட்டா அதே ரகம் வரும்னு உத்தரவாதம் இல்லை. நம்ம பாஷையில சொன்னா விதை ஒரு ஃபோர்க், ஒட்டுதான் சரியான காப்பி. விதைக்கு வேற தொல்லையும் உண்டு. சதையைக் கழுவி எடுத்துட்டு, ஈர மணல்ல கலந்து, 3 முதல் 5 டிகிரி குளிர்ல மூணு நாலு மாசம் வைக்கணும். அப்பவும் சில விதை அடுத்த வருஷ வசந்தத்துலதான் முளைக்கும்.

நடுறதுக்கு இலையுதிர் காலமோ வசந்தத்தோட ஆரம்பமோ சரி. நல்ல வெயில் படணும், மண்ணு லேசா அமிலத்தன்மையோட இருக்கணும், தண்ணி தேங்கவே கூடாது. முதல் ரெண்டு கோடைக்குத் தவறாம தண்ணி ஊத்துங்க. கிளை நுனி நெருப்புல கருகின மாதிரி ஆச்சுன்னா அது ஃபயர் பிளைட்ங்கிற பாக்டீரியா நோயா இருக்கலாம். கருகின இடத்துக்குக் கீழே நல்லாவே தள்ளி வெட்டி, வெட்டின கத்தியையும் சுத்தம் பண்ணிடுங்க.

பழத்துக்குப் போட்டி பறவைங்க. அவுக்குபாரியாங்கிற பேரே பறவை பிடிக்கிறதைக் குறிக்கிற லத்தீன் சொல்லுல இருந்து வந்ததுதான். பாதியைப் பறிச்சுட்டு மீதியை அதுங்களுக்கு விட்டுடுங்க.

பறிச்ச பழத்தோட அதே எடைக்கு ஆப்பிள் சேர்த்து, மூழ்குற அளவு தண்ணி விட்டு, நல்லாக் குழைய வேகவையுங்க. பிழியாம ராத்திரி முழுக்க துணியில வடிய விடுங்க. விதையெல்லாம் துணியில நின்னுடும், அதை அரைச்சுச் சேர்க்கக் கூடாது. வடிஞ்ச சாறு ஒரு லிட்டருக்கு முக்கால் கிலோ சர்க்கரை போட்டுக் காய்ச்சினா ஜெல்லி ரெடி. பிரிட்டன்ல மான் கறிக்குத் தொட்டுக்க வைக்கிறது இதைத்தான்.

சென்னை, கோவையில இருக்கிறவங்க இந்த மரத்துக்கு ஆசைப்பட வேண்டாம். நீண்ட குளிர்காலத் தூக்கம் இல்லாம இது வாழாது, நம்ம வெயில்ல கருகிடும். ஆனா உங்க ஃப்ரிட்ஜ்ல இருக்கிற ஜாம், சாஸ் பாட்டிலைத் திருப்பிப் பாருங்க. ஐஎன்எஸ் 200, இல்லைன்னா 202னு போட்டிருந்தா, அது சார்பிக் அமிலம், இல்லைன்னா அதோட பொட்டாசியம் உப்பு. இன்னைக்கு அதை ஃபேக்டரியில தயாரிக்கிறாங்க. பேரு மட்டும் இன்னும் அந்த மரத்தோடதுதான்.